பாய்லர் ஸ்டோக்கர் ஷியர் பின்: 8 எம்எம்னு நெனச்சுட்டு இருந்தது 6.5 எம்எம்

போன ஐப்பசியில சோமனூர் பக்கம் ஒரு சைசிங் மில்லுல கரி தள்ளுற ஸ்டோக்கரோட கியர்பாக்ஸ் போச்சுங்க. உள்ள இருந்த பாஸ்பர் பிரான்ஸ் வீல்ல அஞ்சு பல்லு அடியோட வழிச்செடுத்த மாதிரி போயிருந்துச்சு, புதுசா வார்த்து பல்லு வெட்டி மாட்டறதுக்கு ஆறு நாள், அந்த ஆறு நாளும் மில்லு நின்னுச்சு. இத்தனைக்கும் காரணம் ஷியர் பின்னுக்கு பதிலா போட்ட ஒரே ஒரு ஆலன் போல்ட்டு. நான் லேத் பட்டறை வச்சிருக்கேன், அந்த மில்லுக்கு எங்கப்பா காலத்துல இருந்து ரோலர் கடையறது, புஷ் போடறதுன்னு எல்லா சோலியும் நாங்கதான் பாக்கறோம், அதனால இதையும் நான்தான் அவுத்துப் பாத்தேன். என்ன நடந்துச்சு, சரியான ஷியர் பின்ன எப்படி தேர்ந்தெடுத்தோம்னு முழுசா எழுதறேன், பழைய ஸ்டோக்கர் ஓட்டறவங்க, பாய்லர் பாக்கறவங்க, எங்கள மாதிரி பட்டறைக்காரங்க படிக்கணும்.

சைசிங் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. விசைத்தறிக்கு போற பாவு நூல கஞ்சித் தொட்டியில முக்கி பிழிஞ்சு, ஆவியில சூடாகற சிலிண்டர் மேல ஓட்டி காய வச்சு பீம்ல சுத்துவாங்க. ஓட்டத்துல ஆவி நின்னா கஞ்சி கெட்டியாயிரும், தொட்டிக்குள்ள நிக்கற நூல் அப்பிடியே ஒட்டிக்கும், அந்த பாவுல அந்த எடம் தறியில போய் அறுந்துட்டே இருக்கும். அதனால பாய்லர்ல கரி நின்னா அரை மணி நேரத்துல மொத்த மில்லும் கத்தும். அந்த அவசரத்துலதான் பின்னு விசயத்துல எல்லா தப்பும் நடக்குது.

ஸ்டோக்கர் ரொம்ப பழசு, கைமாறி கைமாறி வந்தது, பேர் ப்ளேட்டெல்லாம் தேஞ்சு போச்சு. கரி கொட்டற ஹாப்பர்ல இருந்து ஒரு ஸ்க்ரூ கரிய தள்ளிட்டுப் போயி நெருப்புக்கு அடியில இருக்கற தொட்டியில கொண்டுபோய் மேல ஏத்தும், மேல நெருப்பு எரியும், பக்கத்து ஓட்டை வழியா ஃபேன் காத்து வரும். மோட்டார் ஒன்றரை எச்பி, 1440 ஆர்பிஎம், பெல்ட்ல பாதியாகி வார்ம் கியர்பாக்ஸ்ல 60க்கு 1 குறைஞ்சு ஸ்க்ரூவுக்கு வர்றப்ப நிமிசத்துக்கு 12 சுத்து. கியர்பாக்ஸ் பக்கத்து ஹப்புக்கும் (ஷாஃப்ட் மேல உக்கார்ற தடிச்ச வளையம்) ஸ்க்ரூ ஷாஃப்ட்டுக்கும் நடுவுல குறுக்கா ஒரு பின்னு போகும். அதான் ஷியர் பின். கல்லோ இரும்போ மாட்டி ஸ்க்ரூ நின்னா பின்னு அறுகணும், ஹப் மட்டும் சும்மா சுத்தணும், கியர்பாக்ஸ் பொழைக்கணும்.

நான் போன அன்னிக்கு ஓனர்கிட்ட மொதல்ல கேட்டது இதுதான். "ஏனுங்ணா, கடைசியா பின்னு எப்ப அறுந்துச்சு?"

"ரெண்டு மாசமா ஒண்ணு கூட அறுகலீங்க தம்பி. அதுக்கு முன்னால வாரத்துக்கு மூணு நாலு போகும், அந்த கருப்பு ஆலன் போல்ட் போட்டதுல இருந்து நல்லா ஓடிட்டுத்தான் இருந்துச்சு."

அந்த பதில்லயே பாதி விசயம் தெரிஞ்சு போச்சு. போல்ட் தலையில 12.9ன்னு அடிச்சிருந்துச்சு. அந்த நம்பருக்கு அர்த்தம் நெறைய பேருக்கு சொல்லிக் குடுக்கறதே இல்ல. முன்னால இருக்கறத நூறால பெருக்குனா அந்த இரும்பு எத்தன மெகாபாஸ்கல் (சதுர மில்லிமீட்டருக்கு இத்தன நியூட்டன்னு அர்த்தம்) இழுவையில அறுகும்னு கிடைக்கும், 12ன்னா 1200. புள்ளிக்கு அப்புறம் இருக்கறது, அதுல எத்தன பங்குல அது வளைய ஆரம்பிக்கும்னு, 9ன்னா 90 சதவீதம். 4.6 போல்ட் 400, 8.8 போல்ட் 800. குறுக்கா வெட்டறதுக்கு இழுவை பலத்துல அறுவது சதவீதம்னு வச்சுக்கலாம், மெது இரும்புக்கு எழுவது வரைக்கும் போகும். அப்போ ஒரே 8 எம்எம் ஓட்டையில 4.6 போடறதுக்கும் 12.9 போடறதுக்கும் கிட்டத்தட்ட மூணு மடங்கு வித்தியாசம், வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே தடிமன்.

மாட்டியிருந்தது என்னன்னு கடைசியில பாத்தோம், ஒரு லோடர் பக்கெட்டோட பல்லுல இருந்து கழண்ட போல்ட்டு, கட்டை விரல் தடிமன், கரியோட சேந்து வந்து ஸ்க்ரூவுக்கும் தொட்டிக்கும் நடுவுல ஆப்பு மாதிரி உக்காந்துருச்சு. ஓவர்லோடு ரிலே இருந்துச்சே, அது ஏன் காப்பாத்தலன்னு ஓனர் கேட்டாரு. அந்த ரிலே சூட்டுல வேலை செய்யறது, கரண்ட் பல மடங்கு ஏறுனாலும் ட்ரிப் ஆக சில நொடி எடுக்கும், மோட்டார் எரியாம இருக்கத்தான் அது. ஜாம் ஆகற நேரத்துல மோட்டார் நிக்கறதுக்கு முன்னால தன்னோட சாதாரண திருகு பலத்த விட ரெண்டு, ரெண்டரை மடங்கு இழுத்துப் பாக்கும். அத்தனையும் அந்த பிரான்ஸ் பல்லு மேலதான் எறங்குச்சு.

பாய்லர் பாக்கற பெரியவர் ஒருத்தர் அங்க முப்பது வருசத்துக்கு மேல இருக்காரு. அவரு அறுந்த பின்னு எதையும் வீசறதில்ல, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சிருந்தாரு. இந்த கேஸ்ல நமக்கு கெடைச்ச பெரிய புதையலே அந்த பாட்டில்தாங்க. அத ஒரு பேப்பர்ல கொட்டி அடியில இருந்தது எது மேல இருந்தது எதுன்னு அவர்கிட்டயே கேட்டு வரிசையா அடுக்குனோம். மேல இருந்தது அவசரத்துக்குப் போட்டது, எல்லா வகையும் இருந்துச்சு, 8.8 போல்ட் துண்டு, எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ராடு, ஒரு ட்ரில் பிட்டோட பின்பக்க துண்டு கூட இருந்துச்சு, அது அறுகல, சில்லு சில்லா ஒடஞ்சிருந்துச்சு, அந்த மாதிரி கெட்டியான துண்ட ஹப்புக்குள்ள போட்டா அந்த சில்லு ஷாஃப்ட்ட கீறி ஹப்ப புடிச்சுக்கும். நடுவுல இருந்ததெல்லாம் 8 எம்எம் சாதா எம்எஸ் ராடு, அதாவது மெது இரும்பு. அடியில இருந்த நாலு துண்டு வேற மாதிரி இருந்துச்சு. உடம்பு 8 எம்எம், ஆனா அறுந்த மூஞ்சிகிட்ட மட்டும் ஒரு படி இறங்கி சிறுத்திருந்துச்சு. வெர்னியர் வச்சுப் பாத்தா 6.5.

அங்கதான் எனக்கு விளங்குச்சு. ஆதியில வந்த பின்னு நேரான ராடே இல்ல, ஹப்பும் ஷாஃப்ட்டும் சேர்ற ரெண்டு எடத்துலயும் கழுத்து மாதிரி காடி வெட்டி இருந்திருக்கு. அறுகும்போது எப்பவும் அந்த கழுத்துலதான் அறுகும், அப்போ பட்டறைக்கு மாதிரிக்குக் கொண்டுவர்ற துண்டுல கழுத்து இருக்காது, அறுந்த நுனி மட்டும் இருக்கும், அது நசுங்கிப் போயிருக்கும், பட்டறைக்காரன் நடு உடம்ப அளந்து 8ன்னு கடைஞ்சு குடுத்துருவான். எங்க பட்டறையில இருந்தே அப்படி போயிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் அறுந்தத பாத்து அறுந்தத செஞ்சதுல, எங்க அறுகணுங்கற அளவு மட்டும் தொலைஞ்சு போச்சு.

பரப்பளவ பாத்தா இது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு தெரியும். 8 எம்எம் வட்டம் 50 சதுர மில்லிமீட்டர், 6.5 எம்எம் வட்டம் 33. விட்டத்துல ஒன்றரை மில்லி கொறைச்சா பலத்துல மூணுல ஒரு பங்கு போயிருது. பலம் விட்டத்தோட ஸ்கொயர்ல போகும்ங்கறத மறந்துட்டு "ஒரு மில்லி கூடப் போடுப்பா"ன்னு கேக்கறவங்கதான் ஜாஸ்தி.

சரி, 6.5 கழுத்துன்னா எந்த இரும்பு? பழைய துண்ட அரத்துல உரசுனேன், சுலபமா தேஞ்சுது. கிரைண்டர்ல வச்சேன், தீப்பொறி நீளமா, வைக்கோல் நெறத்துல, கிளை அதிகம் பிரியாம போச்சு. கார்பன் கூட இருக்கற ஸ்டீல்னா பொறி பூ மாதிரி வெடிச்சு வெடிச்சுப் போகும். அப்போ இது மெது இரும்புதான். ஆனா அத மட்டும் நம்பி செய்ய எனக்கு மனசு வரல, கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும்னு தெரியாம பின்ன முடிவு பண்ணக் கூடாது. நல்ல வேளையா கியர்பாக்ஸ் ஸ்டோக்கர் அளவுக்குப் பழசில்ல, பின்னால எப்பவோ மாத்துனது, அதோட ப்ளேட் படிக்கற மாதிரி இருந்துச்சு, வெளிப்பக்கம் தாங்கற திருகு பலம் 780 நியூட்டன் மீட்டர். ஷாஃப்ட் 50 எம்எம். பின்னு குறுக்கா போறதால ரெண்டு எடத்துல வெட்டும், ஒவ்வொண்ணும் நடுவுல இருந்து 25 எம்எம் தள்ளி. அப்போ கணக்கு சுலபம், ஒரு வெட்டுப் பரப்பு பெருக்கல் 50 பெருக்கல் வெட்டு பலம், அத ஆயிரத்தால வகுத்தா நியூட்டன் மீட்டர். பிரைட் பாருக்கு (இழுத்து வழவழப்பாக்குன மெது இரும்பு ராடு) வெட்டு பலம் 350 மெகாபாஸ்கல்னு வச்சா, நேரான 8 எம்எம் பின்னு 880 நியூட்டன் மீட்டர், 6.5 கழுத்துக்கு 580. நேரான எம்எஸ் பின்னே கியர்பாக்ஸ் ப்ளேட்ட தாண்டிருது! அந்த 12.9 ஆலன் போல்ட்டுக்கு, ஒரு பக்கம் திரெட்டுல வெட்டு விழறத கழிச்சுக்கிட்டாலும் 1500 பக்கம் வந்துச்சு. கியர்பாக்ஸ் தாங்கறதுல ரெட்டிப்பு.

திரெட் விசயத்த சும்மா சொல்லல. எம்8 ஆலன் போல்ட்டுல திரெட் 28 எம்எம் நீளம், சாதா அறுகோண தலை போல்ட்டுல 22. எங்க ஹப் வெளி விட்டம் 80, வெட்டு எடம் தலையில இருந்து 15லயும் 65லயும். 90 எம்எம் ஆலன் போல்ட்ட போட்டா ஒரு வெட்டு முழு உடம்புலயும் இன்னொன்னு திரெட் மேலயும் விழும். திரெட் பக்கம் மொதல்ல வெடிப்பு விடும், ஒரு பக்கம் அறுந்து மறுபக்கம் புடிச்சுட்டு ஷாஃப்ட் கோணலா இழுத்துட்டு ஓடும். போல்ட்டுதான் வேணும்னா வெட்டு எடத்துல திரெட் வராத மாதிரி பாத்து எடுங்க, ஆனா என்ற கருத்து, ஷியர் பின்னுக்கு போல்ட்டே வேண்டாம்.

கணக்கு கணக்காவே இருக்கட்டும், சோதிச்சுப் பாக்கணுமில்ல. ஹப்பையும் ஷாஃப்ட்டையும் பட்டறைக்கு கொண்டு வந்தோம். ஷாஃப்ட்ட அசையாம புடிச்சு, ஹப்புல 2 மீட்டர் நீளத்துக்கு ஒரு பைப்பு கை வெல்டு பண்ணி, நுனியில செயின் பிளாக்க மாட்டி நடுவுல தொங்கு தராசு வச்சு இழுத்தோம். 2 மீட்டர் கையில ஒரு கிலோங்கறது ஏறக்குறைய 19.6 நியூட்டன் மீட்டர். கழுத்து வெட்டுன அஞ்சு பின்ன அறுத்தோம், 29, 28, 30, 29, 31 கிலோ. நேரான 8 எம்எம் பின்னு ஒண்ணு, 45 கிலோவுல அறுந்துச்சு. கணக்கும் தராசும் இப்படி ஒத்துப்போனத பாத்தப்ப அவ்வளவு நிம்மதி.

கீழ் எல்லையும் வேணும், ரொம்ப மெலிசா இருந்தா சும்மா சும்மா அறுகும். அதுக்கு மில்லுலயே ஸ்க்ரூ நிறைய கரி இருக்கறப்ப அதே கைய மாட்டி மெதுவா திருப்பிப் பாத்தோம். காஞ்ச கரிக்கு 9, 10 கிலோ. மழையில நனைஞ்ச தூள் கரிக்கு 18. அப்போ 28, 30ல அறுகற பின்னு, ஈரக் கரியையும் தள்ளும், 780க்கு நல்லா கீழயும் நிக்கும். சில பேரு மோட்டார் ஆம்பியர வச்சு சுமைய கணக்கு போடுவாங்க, இந்த மாதிரி சின்ன மோட்டாருக்கு அது தப்பா போகும், சுமையே இல்லாம சும்மா சுத்தறப்பவே முழு ஆம்பியர்ல பாதி பக்கம் எடுக்கும்.

பித்தளை போடலாமேன்னு ஓனரோட மச்சான் கேட்டாரு. 8 எம்எம் நேரான பித்தளை ராடு கணக்குப்படி கிட்டத்தட்ட இதே எடத்துலதான் வரும், தப்பான யோசனை இல்ல. ஆனா கடையில கெடைக்கற பித்தளை ராடு ஒண்ணுக்கொண்ணு ரொம்ப மாறுது, அதோட பித்தளை டப்புன்னு அறுகாம நசுங்கி நசுங்கி இழுத்துட்டுப் போயி ஹப் சந்துல பூசிக்கும், அப்புறம் ட்ரில் போட்டுத்தான் எடுக்கணும். எஸ்எஸ் அதை விட மோசம், அறுகறதுக்கு முன்னால கெட்டிப்பட்டுட்டே வந்து ஓட்டைக்குள்ள இறுகிக்கும். கழுத்து வெட்டுன எம்எஸ் பின்னு கழுத்துலயே சுத்தமா அறுந்து, ஓட்டைக்குள்ள பிசிறு இல்லாம நிக்கும், ஒரு தட்டு தட்டுனா வெளிய வந்துரும். நடு ராத்திரியில பாய்லர் சூட்டுல நின்னுட்டு பின்னு மாத்தறவருக்கு அது எவ்வளவு பெரிய உதவின்னு அந்த பெரியவர கேட்டாத்தான் தெரியும்.

இப்போ இன்னொரு கேள்வி மிச்சம். நேரான 8 எம்எம் எம்எஸ் பின்னு 45 கிலோ தாங்குதுன்னா, அது ஏன் வாரத்துக்கு மூணு நாலு அறுந்துச்சு? அதுக்கும் பாட்டில்லதான் பதில் இருந்துச்சு. அறுந்த மூஞ்சிய கழுவி வெயில்ல புடிச்சுப் பாருங்க. ஒரே தடவை சுமையில அறுந்தா மூஞ்சி முழுக்க ஒரு பக்கமா இழுத்துத் தேய்ச்ச மாதிரி பளபளப்பா இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா வெடிப்பு ஓடி அறுந்தா, பெரும்பகுதி மங்கலா, சிப்பி ஓட்டுல இருக்கற மாதிரி வளைஞ்ச கோடு கோடா இருக்கும், கடைசியா அறுந்த எடம் மட்டும் சின்னதா புதுசா தெரியும். நடுவுல இருந்த எம்எஸ் துண்டுல முக்காவாசி ரெண்டாவது வகை. அது ஜாம்ல அறுந்ததில்ல, அடி வாங்கி அறுந்தது.

ஹப்ப அளந்தா காரணம் கெடைச்சுது. 8 எம்எம் ஓட்டை வாய்கிட்ட 9.2 ஆயி முட்டை மாதிரி இழுத்திருந்துச்சு. ஹப்போட உள் விட்டமும் தேஞ்சு ஷாஃப்ட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மில்லி சந்து. ஆவி அழுத்தம் பாக்கற பிரஷர் ஸ்விட்ச் சொல்றப்பெல்லாம் ஸ்டோக்கர் நின்னு நின்னு ஓடும், ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல ஸ்டார்ட், ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஹப் லொடக்குன்னு போயி பின்ன அடிக்கும். சந்து இருந்தா பின்னுக்கு வெட்டு மட்டும் விழாது, வளைவும் சேந்து விழும். இந்த ஹப்புல எந்த மெது இரும்பு போட்டாலும் அறுந்திருக்கும், கெட்டி இரும்பு போட்டதால சத்தம் மட்டும் அடங்குச்சு.

அதனால பின்னுக்கு முன்னால ஹப்ப சரி பண்ணுனோம். ஹப்ப போர் பண்ணி கன்மெட்டல் புஷ் (உள்ள அடிக்கற வெண்கலக் குழல்) அடிச்சு கிரீஸ் நிப்பிள் வச்சோம், பின்னு அறுந்தா ஹப் வழுக்கிட்டு சுத்தணும். துரு புடிச்சோ பிசிறு மாட்டியோ ஹப் ஷாஃப்ட்டோட இறுகி நின்னா பின்னு இருக்கறதும் இல்லாததும் ஒண்ணுதான், இதை மாசம் ஒருக்கா பின்ன கழட்டிட்டு கையில சுத்திப் பாக்க சொல்லிருக்கேன். பின்னு போற ஓட்டைய ஹப்புலயும் ஷாஃப்ட்டுலயும் 12க்கு பெருசு பண்ணி, ஈஎன்31ங்கற பேரிங் ஸ்டீல்ல 8 எம்எம் துளை வச்ச புஷ் செஞ்சு கெட்டிப்படுத்தி அடிச்சோம். இனிமே தேயறது பின்னு மட்டும்தான். காடி நடு சரியா 15லயும் 65லயும் விழற மாதிரி ஹப்புலயே அளந்து வெட்டுனோம், ஒரு மில்லி தள்ளுனாலும் வெட்டு தடிச்ச உடம்புல போயிரும், அப்புறம் கழுத்து இருந்தும் புண்ணியமில்ல. பின்னு ரெண்டு நுனியிலயும் சின்ன ஸ்ப்ளிட் பின், நட்டு போட்டு இறுக்கறது கிடையாது.

பிரைட் பார் மூணு மீட்டர் நீளம் ஒரே ராடா வாங்குங்க, அதுல இந்த நீளத்துக்கு முப்பது பின்னு வரும். துண்டு துண்டா வேற வேற கடையில வாங்குனா ஒவ்வொண்ணும் வேற பலம். ஒரு ராடுக்கு மூணு பின்ன அறுத்துப் பாத்துட்டு மீதிய மில்லுக்கு குடுத்தேன்.

கரி பக்கமும் சும்மா விடல. தூத்துக்குடியில எறங்கற இந்தோனேசியா கரிய விட்டுட்டு விலை கம்மின்னு கொஞ்ச நாளா கல்லு கலந்த தூள் கரி எடுத்துட்டு இருந்தாங்க. ஹாப்பர் மேல ஒரு இன்ச் கண்ணு வச்ச கம்பி வலை போட்டு, அதுக்கு கீழ ஒரு காந்தக் கட்டை வச்சாச்சு, மழைக்கு தார்ப்பாய். ஸ்க்ரூவுக்கும் தொட்டிக்கும் அடியில சந்து 14 எம்எம் ஆயிருந்துச்சு, அந்த சந்துலதான் கல்லு ஆப்பாகுது, புது லைனர் ப்ளேட் அடிச்சோம்.

இன்னும் ஒண்ணு, இத நான் கெஞ்சிக் கேக்கறேன். பின்னு அறுந்து ஸ்க்ரூ நின்னதும் மோட்டார் சத்தம் மாறாது, பாய்லர்காரருக்கு தெரியவே தெரியாது. ஃபேன் மட்டும் ஓடிட்டு இருந்தா நெருப்பு கீழ எறங்கி தொட்டி இரும்ப தின்னும், சூடு குழாய் வழியா ஹாப்பர் பக்கம் ஏறி வரும். ஸ்க்ரூ ஷாஃப்ட் நுனியில ஒரு சென்சார் வச்சு, மோட்டார் ஓடியும் ஷாஃப்ட் சுத்தலைன்னா ஹாரன் அடிச்சு ஃபேன நிறுத்தற மாதிரி ஒரு டைமர் ரிலே போட்டோம், கியர்பாக்ஸ் செலவுல அது ஒரு மூலைக்கு வராது. பின்னு மாத்தறப்ப மெயின் ஆஃப் பண்ணா போதாது, ஃபியூஸ் கட்டைய புடுங்கி சட்டைப் பாக்கெட்ல போட்டுட்டுத்தான் ஹப்புல கை வைக்கணும். பிரஷர் ஸ்விட்ச் எப்ப ஸ்டார்ட் குடுக்கும்னு யாருக்கும் தெரியாது, ஹப்புக்குள்ள விரல் இருக்கறப்ப குடுத்தா விரல் போயிரும்.

ஐப்பசியில போட்டதுல இருந்து மாரியம்மன் நோம்பி வரைக்கும் மூணு பின்னு அறுந்துச்சு. முதல்ல வலை ஓரமா நழுவி வந்த கல்லு. ரெண்டாவது ஒரு வேலிக்கம்பி சுருள், இரும்புதான், ஆனா ஈரத் தூளுக்குள்ள பொதிஞ்சு காந்தத்துல சிக்காம போயிருச்சு. மூணாவது அறுந்தது ராத்திரி பதினொரு மணிக்கு, பெரியவர் போன் பண்ணுனாரு.

"தம்பி, பின்னு அறுந்துச்சு, உள்ள கல்லு கம்பி ஒண்ணும் இல்லீங். மூஞ்சி மங்கலா, கோடு கோடா இருக்குது."

அடுத்த நாள் காலையில போய் பாத்தா ஹப்புல அடிச்ச ஈஎன்31 புஷ் ஒண்ணு தளர்ந்து கால் மில்லி ஆடிட்டு இருந்துச்சு. புதுசா ஓவர்சைஸ் புஷ் கடைஞ்சு அடிச்சுட்டு, அந்த துண்டுல தேதி பெயின்ட் பண்ணி அவரோட பாட்டில்லயே போட்டுட்டு வந்தேன்.